பூநகரிப் பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்: முதலில் மணலைக் காப்பாற்றுங்கள்

மதிப்புக்குரிய தவிசாளர் அவர்களுக்கும் சபை உறுப்பினர்கள் எல்லாருக்கும்,

வணக்கம்.

பூநகரியைச் சுற்றுலா இடமாக்க வேண்டும் என்று இப்போது நிறையப் பேர் பேசுகிறார்கள். கூட்டங்களில் பேசுகிறார்கள், முகநூலில் எழுதுகிறார்கள், வெளிநாட்டிலிருந்து வரும் நம் ஆட்கள் கடற்கரைப் பக்கம் காணி விசாரிக்கிறார்கள். நல்ல விஷயம். எனக்கும் அதில் அக்கறை உண்டு. நான் வாடியடியில் இருந்து வான் ஓடிப் பிழைக்கிறவன். ஏ-32 வீதியில் யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் இடையில் சனங்களை ஏற்றி இறக்குவது என் தொழில். திருக்கேதீச்சரத்துக்குப் போகிறவர்கள், மடுவுக்குப் போகிறவர்கள், அந்தப் பக்கமிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்கள் என்று எல்லாரும் பூநகரியைத் தாண்டித்தான் போகிறார்கள். தாண்டிப் போகிறார்கள் என்பதுதான் என் கவலை. சங்குப்பிட்டிப் பாலத்தில் நிறுத்தச் சொல்லி நாலு படம் எடுப்பார்கள். பிறகு, "அண்ணை, இஞ்ச வேற என்ன பாக்க இருக்கு?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் நீளம். நேரமிருக்கிறவர்களைக் கூட்டிக்கொண்டும் போயிருக்கிறேன். அப்படிப் போய்ப் போய்ப் பார்த்ததிலிருந்துதான் இந்த மடலை எழுதுகிறேன்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. சுற்றுலாவுக்கென்று எந்த வேலையைத் தொடங்க முதலும், எங்கள் பூநகரிக் கரையில் இருக்கிற கௌதாரிமுனை, மண்ணித்தலை, கல்முனைப் பக்கத்து மணல் அந்தந்த இடத்திலேயே இருக்க வழி செய்யுங்கள். கோயில், பழைய ஊர், குடிதண்ணீர், வருகிறவர்கள் பார்க்க ஆசைப்படுகிற அந்த வடிவு எல்லாமே அந்த மணலில்தான் இருக்கிறது. மணல் போனால் காட்டுவதற்கு எங்களிடம் பெயர்ப்பலகை மட்டும்தான் மிஞ்சும்.

பரமன்கிராய் கடந்து, வெட்டுக்காடு கடந்து கௌதாரிமுனைக்குப் போகும்போது நிலம் மாறுவது நன்றாகவே தெரியும். வயல் முடிகிறது. பனை ஐதாகிறது. பிறகு உச்சி தட்டையாகப் படர்ந்த உடை மரங்கள் வருகின்றன. அதற்கப்பால் மணல் மேடுகள். கனடாவிலும் லண்டனிலும் வளர்ந்த பிள்ளைகள் வானை விட்டு இறங்கினவுடன் "பாலைவனம்!" என்று கத்திக்கொண்டு ஏறி ஓடுவார்கள். உண்மையில் இது பாலைவனம் இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி முடியும்வரை நல்ல மழை வாங்குகிற மண். ஆனால் வைகாசியில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பினால் புரட்டாதி வரைக்கும் இங்கே காற்றும் வெயிலும்தான். மணல் தரையோடு தரையாக ஓடும். காலையில் நடந்த தடம் மத்தியானம் இருக்காது. அந்த நேரத்தில் அங்கே நின்று பார்க்கிறவருக்குப் பாலைவனம் என்ற எண்ணம் வந்தால் அதில் பிழை சொல்ல முடியாது.

இவ்வளவு காற்றடித்தும் அந்த மேடுகள் எப்படி நிற்கின்றன என்பதைக் குனிந்து பார்த்தால்தான் விளங்கும். கடல் பக்கமாக அடம்பன் கொடி, ஊதாப் பூவோடு மணலின் மேல் படர்ந்து கிடக்கும். கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் பிடித்திருக்கும். அதற்கு மேலே இராவணன் மீசை. கையில் குத்தும், விறைப்பான புல். அதன் உருண்டைக் கதிர்கள் காற்றில் உருண்டு உருண்டு போய், தடுத்து நிற்கிற இடத்தில் விதை போடும். ஒரு புல் பற்றைக்குப் பின்னால் ஒரு கை மணல் ஒதுங்கும். அதன்மேல் இன்னொரு பற்றை வரும். அப்படித்தான் மேடு வளர்கிறது. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று நம் ஆட்கள் சொல்வதை அந்த மணலில் கண்ணால் பார்க்கலாம். அதே மேட்டில் ஒரு ஜீப் வண்டி இரண்டு தரம் ஏறி இறங்கினால் கொடி அறுந்து, வேர் வெளியே வந்து, அடுத்த சோளகத்துக்கு அந்த இடம் பள்ளமாகிவிடும். இப்போது விடுமுறை நாட்களில் மோட்டார் சைக்கிளை மேட்டில் ஏற்றி வீடியோ எடுக்கிற பழக்கம் வந்திருக்கிறது. பொடியங்களைத் திட்டிப் பயனில்லை. இங்கே ஏற்றக்கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மண்ணித்தலைச் சிவன் கோயிலுக்கு வருகிறேன். அந்த முனையில், பற்றைக்கும் மணலுக்கும் நடுவில், இடிந்தது பாதி நிற்பது பாதியாக இருக்கிற அந்தக் கோயிலைச் சோழர் காலத்தது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வடக்கில் சோழர் காலக் கோயில் கட்டடம் என்று கையால் தொட்டுக் காட்டக்கூடியவை மிகக் குறைவு. தஞ்சாவூருக்குப் போய்ப் பெரிய கோயிலைப் பார்த்து மெய்மறந்து வருகிற நம் சனங்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குப் பூநகரியில் இப்படி ஒன்று இருப்பது தெரியாது. அவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போனால் முதலில் சத்தம் போட்டுக் கதைத்துக்கொண்டு வருவார்கள், கிட்டப் போனதும் செருப்பைக் கழற்றுவார்கள். யாரும் சொல்லாமலே கழற்றுவார்கள். நான் அதை ஒவ்வொரு முறையும் கவனித்திருக்கிறேன். சுவரில் கை வைத்துப் பார்ப்பார்கள். கல்லிடுக்கில் சுண்ணச் சாந்து இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. மேலே செடி வேரோடியிருக்கிறது.

பூநகரியின் பழமையை ஊர் ஊராக நடந்து தேடியவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம். 1993இல் அந்த ஆய்வு நூலாகவும் வந்தது. சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில் செய்த வேலை அது. கோயில் கட்டப்பட முதலே, ஆயிரம் வருசத்துக்கும் மேலாக இந்த மணலில் சனம் குடியிருந்திருக்கிறது என்பதை அந்த ஆய்வுகள் காட்டின. அதற்குச் சாட்சி பானை ஓடுகள். சோளகம் ஓய்ந்த பிறகு மணல் விலகின இடங்களில் கவனமாகப் பார்த்தால் இன்றைக்கும் தெரியும். உள்பக்கம் கன்னங் கறுப்பு, வெளியே கீழ்ப்பாதி சிவப்பு. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் காற்றுப் படாத உள்பக்கமும் வாயும் கறுப்பாயின, காற்றுப் பட்ட வெளிப்பக்கம் சிவந்தது. தமிழ்நாட்டிலும் வடக்கிலும் பழைய குடியிருப்பு இருந்த இடங்களில் கிடைக்கிற அதே வகை. ஒரு ஓட்டுத்துண்டைக் கையில் எடுத்துப் பத்து வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால், அந்தப் பிள்ளை வான் யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை அதைப் பற்றியே கேட்டுக்கொண்டு வரும். ஆனால் அந்த ஓட்டைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். வைத்துவிட்டு வரச் சொல்லி நான் கெஞ்சவேண்டி இருக்கிறது. எடுத்த இடத்தில் கிடந்தால்தான் அந்த ஓடு ஏதாவது சொல்லும். வெளிநாட்டில் ஒரு வீட்டு மேசையில் அது வெறும் ஓடு.

மணலை ஏற்றுகிறவர்களுக்கோ ஓடும் ஒன்றுதான், மணலும் ஒன்றுதான். யந்திரம் ஒரு வாளி அள்ளும்போது அதற்குள் என்ன வந்தது என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

இப்போது தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைத்தான் சபை முதலில் யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பூநகரியில் தண்ணீர்க் கஷ்டம் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் களப்பு. கிணறு வெட்டினால் பல இடங்களில் உவர். ஆனால் அந்த மணல் மேடுகளின் அடியில், இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர் இருக்க, நடுவில் நல்ல தண்ணீர் கிடைக்கிறது. அந்தக் காலத்தில் பெண்கள் மணலைக் கையாலேயே தோண்டிப் பூவல் எடுப்பார்கள். முழங்கை ஆழத்தில் மணல் ஈரமாகும், இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஊறும். முதலில் வருகிற கலங்கலை இறைத்துக் கொட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்தால், அடியில் மணல் தெரியத் தெரியத் தண்ணீர் தெளிந்து நிற்கும். சிரட்டையால் கோதிக் குடத்தில் நிரப்புவார்கள். அந்தத் தண்ணீரின் ருசி போத்தல் தண்ணீரில் இல்லை.

இது எப்படி நடக்கிறது என்பதும் தெரிந்த விஷயம்தான். மழைத் தண்ணீரை மணல் உறிஞ்சிக் கீழே விடுகிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரை விடப் பாரம் குறைவு. அதனால் அது மேலே மிதந்து நிற்கும். நிலத்தடி நீர் படித்தவர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரைக்கும் உப்பு ஏறாமல் நிற்கும். இதைத் திருப்பிப் பாருங்கள். மேட்டை வெட்டித் தண்ணீர் மட்டம் 1 அடி இறங்கினால், கீழேயிருந்து உப்பு எவ்வளவு மேலே வரும்? அதற்குப் பிறகு மழை பெய்து பழைய நிலைக்கு வர எத்தனை மாரி வேண்டும்? போன மணலைக் காசு கொடுத்தும் திருப்பிக் கொண்டுவந்து கொட்ட முடியாது. உவராகிப் போன கிணற்றுக்குப் பவுசரில் தண்ணீர் அனுப்பவேண்டி வருவதும் சபைதான்.

இரவில் வரும்போது எதிரே டிப்பர்கள் வருகின்றன. பின்கதவு இடுக்கால் ரோட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டு போகும். அவ்வளவு ஈர மணல் எங்கிருந்து வருகிறது, அதற்குப் பத்திரம் இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயம். நான் யாரையும் சுட்டிச் சொல்லவில்லை. வீடு கட்ட மணல் வேண்டும், அதுவும் உண்மை. நானும் என் வீட்டுக்கு மணல் வாங்கியவன்தான். ஆனால் எங்கிருந்து எடுக்கலாம், எங்கிருந்து எடுக்கவே கூடாது என்று ஒரு கோடு வேண்டும். மண்ணித்தலைக்கும் கௌதாரிமுனை மேடுகளுக்கும் அந்தக் கோடு கட்டாயம் வேண்டும்.

மணல் அகழ அனுமதி கொடுப்பது உங்கள் சபை அல்ல, புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகம் என்பது எனக்குத் தெரியும். கரையோரத்துக்கு வேறு சட்டம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி கடலில் இருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் கரையோர வலயம், அதற்குத் தனித் திணைக்களம். பழைய கோயிலுக்குத் தொல்லியல் திணைக்களம். எல்லாம் சரி. ஆனால் அந்த அதிகாரிகளில் யாரும் பூநகரியில் தண்ணீர் அள்ளிக் குடிக்கவில்லை. சனம் வாக்குப் போட்டது உங்களுக்கு. இந்த முனை முழுவதையும் மணல் அகழாத இடமாக அறிவிக்க வேண்டும் என்று சபை ஒரு தீர்மானம் எடுத்து, வரைபடத்தில் கோடு போட்டு, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் வைக்கலாம். அதை யாரும் தடுக்கமுடியாது. அங்கே போகும் ரோட்டுகளில் எது சபையின் ரோட்டு என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதில் பாரவாகனம் போகலாமா என்பதையாவது நீங்கள் பேசலாம். 2021இல் கௌதாரிமுனையில் கடலட்டைப் பண்ணைப் பிரச்சினை வந்தபோது முதலில் சத்தம் போட்டது மீனவர்கள். பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். இந்த முறை சபை முன்னுக்கு நிற்கட்டும். காற்றாலைத் திட்டமும் பூநகரிக்குப் பேசப்பட்டது, இனியும் பேசப்படும். நான் அதற்கு எதிரானவன் இல்லை. ஆனால் எந்தத் திட்டக்காரர் வந்தாலும் அவர் மேசையில் விரிக்கிற வரைபடத்தில் சபை போட்ட கோடு ஏற்கெனவே இருக்க வேண்டும்.

தொல்லியல் என்று சொன்னவுடன் நம் சனத்துக்கு வயிறு கலங்குகிறது. குருந்தூர்மலையிலும் வெடுக்குநாறிமலையிலும் தொல்லியலின் பேரில் சைவ வழிபாட்டுக்குத் தடை வந்ததைப் பார்த்த பிறகு, பழசு ஏதாவது இருக்கிறது என்று வெளியில் சொல்லவே பயப்படுகிறார்கள். "வாயை மூடிக்கொண்டிரு, பிறகு அதுவும் போயிடும்" என்று ஒரு பெரியவர் என்னிடமே சொன்னார். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்தால் டிப்பர் கொண்டுபோய்விடும். என் மனதுக்குப் படுவது, நாங்களே முந்திக்கொண்டு பதிவு செய்ய வேண்டும் என்பதுதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைச் சபை அழைக்கட்டும். மண்ணித்தலை, வெட்டுக்காடு, பரமன்கிராய், வீரபாண்டியன்முனை, நாகபடுவான் என்று ஒவ்வொரு இடமாகப் படம் எடுத்து, அளந்து, எழுதி, தமிழில் ஒரு பிரதியைச் சபை நூலகத்தில் வைக்கட்டும். பிறகு யார் வந்து என்ன கதை சொன்னாலும் எங்களிடம் எழுத்து இருக்கும்.

கோட்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது ரோட்டோடு இருக்கிறது, எல்லாருக்கும் தெரியும். போர்த்துக்கேயர் கட்டியது. பக்கம் 30 மீற்றர் அளவில் சதுரம், எதிரெதிர் மூலைகளில் இரண்டு கொத்தளம். 1658இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது, 1770இல் அவர்கள் பெருப்பித்தார்கள். குடாநாட்டுக்குப் போகிற தெற்கு வாசலைக் காவல் காக்க வைத்த கோட்டை. வன்னியை ஆண்ட குறுநிலத் தலைவர்களான வன்னிமைகளிடம் யானைகளைத் திறையாக வாங்கி யாழ்ப்பாணத்துத் துறைகளில் கப்பலேற்றிய காலம் அது. பிறகு எங்கள் காலத்துச் சண்டையிலும் அந்த இடம் தப்பவில்லை. கோட்டைக்கு வேண்டியது பற்றை வெட்டி, தமிழிலும் மற்ற மொழிகளிலும் ஒழுங்காக எழுதின ஒரு பலகை. எழுத்துப் பிழையில்லாமல் எழுதுங்கள். அதற்கு ஒரு தமிழ் ஆசிரியரைக் கேட்டால் சந்தோசமாகச் செய்து தருவார்.

சங்குப்பிட்டிப் பாலம் 2011 தை மாதம் திறந்தது. 288 மீற்றர் நீளம். அதற்கு முதல் அங்கே பாதை ஓடியது. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் பாதை என்று சொன்னால் ரோட்டு என்று நினைக்கிறார்கள். பஸ்ஸையும் லொறியையும் சனத்தையும் ஏற்றிக்கொண்டு சங்குப்பிட்டியில் இருந்து கேரதீவுக்குப் போன மிதவை அது. என் அப்பா அதில் நெல் மூட்டை கொண்டுபோனவர். சண்டையோடு அது நின்றது. ஆனையிறவும் பூநகரியும் அடைபட்டிருந்த 1990களின் தொடக்கத்தில் சனம் கிளாலிக் கடலை இரவில் சின்ன வள்ளங்களில் கடந்தது. இக்கரையில் இறங்கின இடம் எங்கள் பூநகரி நல்லூர். கைக்குழந்தையோடும், பரீட்சை எழுதப் போகிற பிள்ளையோடும், ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளியோடும் வந்தார்கள். எல்லாரும் கரை சேரவில்லை. என் வானில் வருகிற ஐம்பது வயதுக்காரர்களில் யாராவது ஒருவர் அந்தக் களப்பைக் கண்டவுடன் பேச்சை நிறுத்திவிடுவார். "நான் இதால வந்தனான்" என்று பிறகு மெதுவாகச் சொல்வார். அவர்கள் இறங்கிக் கொஞ்ச நேரம் நிற்பதற்கு ஓர் இடமில்லை. நல்லூர்க் கரையில் ஒரு கல் வையுங்கள். பெரிய தூபி வேண்டாம், திறப்பு விழாக் கல்வெட்டில் எவருடைய பெயரும் வேண்டாம். இந்தக் கரையால் சனம் கடந்தது என்று இருந்தால் போதும். பக்கத்தில் நிழலுக்கு இரண்டு வேப்பமரம் நடுங்கள்.

இரணைதீவுச் சனத்தையும் மறக்கவேண்டாம், அதுவும் உங்கள் பிரதேசம்தான். 1992இல் எழும்பிப் போன சனம், 2017 மே முதலாம் திகதி போராட்டம் தொடங்கி, அடுத்த வருசம் சித்திரையில் தாங்களே வள்ளங்களில் ஏறித் தீவுக்குப் போய் இறங்கினார்கள். சொந்த ஊருக்குத் திரும்பிப் போகத் தாங்களே வள்ளம் எடுத்த சனம். தீவைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே யாரைக் கூட்டிப்போவது, எத்தனை பேர், எப்போது என்பதை அந்தச் சனம்தான் தீர்மானிக்க வேண்டும். வள்ளமும் அவர்களுடையதாகவே இருக்கட்டும். மாதா கோவிலும் மீன்பிடியும் அவர்களுடைய வாழ்க்கை, அதைக் காட்சிப் பொருளாக்கக் கூடாது.

சாப்பாட்டில் எங்களை யாரும் வெல்ல முடியாது. பூநகரி மொட்டைக்கறுப்பன் அரிசிக்கு யாழ்ப்பாணத்தில் இருக்கிற மதிப்பு உங்களுக்குத் தெரியும். மழையை மட்டும் நம்பி விதைத்து, தை மாசியில் வெட்டுகிற சிவப்பு நெல். அந்த மாவில் அவித்த புட்டும் களப்பு நண்டுக் குழம்பும் கொடுத்தால் சாப்பிட்டவர் திரும்ப வருவார். ஆனால் வாடியடியில் வானை நிறுத்தினால் வருகிறவர்களுக்கு இது கிடைப்பதில்லை, ரோல்ஸும் பிளேன்ரீயும்தான் கிடைக்கிறது. எங்கள் பெண்கள் சங்கங்களில் எவ்வளவு கை தேர்ந்த சமையல்காரிகள் இருக்கிறார்கள்! சந்தைக் கட்டடத்தில் ஒரு கடையறையைக் குறைந்த வாடகைக்கு அவர்களுக்குக் கொடுங்கள். ஒடியல் கூழ் சனி ஞாயிறில் மட்டும் போட்டாலும் போதும். கூழுக்கென்றே வானை நிறுத்தச் சொல்கிற ஆட்களை நான் கொண்டுவந்து விடுவேன்.

கௌதாரிமுனையில் பெரிய ஹோட்டல் வந்தால் ஊர் முன்னேறிவிடும் என்று நினைக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஹோட்டலுக்குத் தண்ணீர் எங்கிருந்து எடுப்பார்கள்? அதே மணலுக்கடியில் இருந்து, மோட்டார் போட்டு. அறைக்கு அறை குளிக்கிற தண்ணீர், நீச்சல் குளத்துத் தண்ணீர், எல்லாம் அந்த ஊர்ச் சனத்தின் குடத்தில் இருந்துதான் போகும். மண்ணித்தலைக்கு வருகிறவர் காலையில் வந்து பின்னேரம் போகட்டும். தங்க ஆசைப்பட்டால் ஊருக்குள் வீடுகளில் ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு வாளித் தண்ணீர். மேட்டுக்கு வெளியே, ரோட்டு முடிகிற இடத்தில் வாகனம் நிறுத்த ஓர் இடம், ஆண் பெண் தனித்தனியாக மலசலகூடம், குப்பை போட ஒரு பீப்பா. பெண்களைக் கூட்டிவருகிற எனக்கு மலசலகூடம் இல்லாததுதான் எல்லாவற்றிலும் பெரிய தலையிடி. வயதான அம்மாமார் தண்ணீர் குடிக்காமலே நாள் முழுக்க வெயிலில் வருகிறார்கள், ஏன் என்று கேட்டால் சொல்லமாட்டார்கள். இதற்குப் பெரிய நிதி வேண்டாம்.

அங்கிருந்து மணல் மேட்டுக்கு நடந்து போகட்டும். கூட்டிக்கொண்டு போக கௌதாரிமுனைப் பிள்ளைகள் நாலைந்து பேருக்குப் பயிற்சி கொடுத்து ஓர் அடையாள அட்டை கொடுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு எந்தப் புல்லை மிதிக்கக் கூடாது, பூநாரைகள் எந்த மாதத்தில் களப்புக்கு வரும், கௌதாரி எந்தப் பற்றைக்குள் சத்தம் போடும் என்பதெல்லாம் ஏற்கெனவே தெரியும். பானை ஓட்டைப் பற்றி மட்டும் யாராவது சொல்லிக்கொடுத்தால் போதும். அவர்கள் கண்ணுக்கு முன்னால் யாரும் ஓட்டைப் பொக்கற்றில் போடமாட்டார்கள், மேட்டில் மோட்டார் சைக்கிளையும் ஏற்றமாட்டார்கள். நாளைக்கு இரவில் அந்தப் பக்கம் யந்திரச் சத்தம் கேட்டாலும் முதலில் போன் எடுத்துச் சொல்லப் போவது அவர்கள்தான். மணலில் சம்பளம் வாங்குகிற பிள்ளை மணலை விடமாட்டான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த சோளகம் எழும்ப முதல், சபை உறுப்பினர்கள் எல்லாரும் கட்சி பார்க்காமல் ஒரு பின்னேரம் மண்ணித்தலைக்கு வாருங்கள். என் வான் இருக்கிறது, டீசல் காசு கேட்கமாட்டேன். இடம் காணாவிட்டால் இன்னொரு வானும் பிடித்துத் தருகிறேன். கௌதாரிமுனைப் பெரியவர்கள் இரண்டு பேரையும், கிராம அலுவலரையும், பல்கலைக்கழகத்தில் இருந்து யாராவது ஒருவரையும் கூப்பிடுங்கள். வரைபடத்தையும் ஒரு பேனாவையும் கொண்டுவாருங்கள். எந்த இடத்தில் கோடு போடுவது என்பதை அங்கே நின்றே முடிவு செய்துவிடலாம்.

இப்படிக்கு,
வாடியடியில் இருந்து ஒரு வான் சாரதி